மைக்ரேன் தலைச்சுற்றலுக்கு நீர் மாத்திரை உதவுமா?

தலை சுற்றுகிறது என்று சொன்னால் வீட்டில் பித்தம் என்பார்கள். மருந்துக்கடையில் பிரஷர் இருக்கிறதா என்று கேட்பார்கள். மருத்துவரிடம் போனால் சில சமயம் ‘உள்காதில் நீர் கூடியிருக்கிறது’ என்ற பதில் வரும். இந்த மூன்றாவது பதிலோடு சேர்ந்து வருவதுதான் நீர் மாத்திரை, அதாவது சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கும் மருந்து. மெனியேர் என்ற உள்காது நோயில் அதற்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் தலைச்சுற்றலுக்கு மைக்ரேன் ஒரு முக்கியமான காரணம். அங்கே நீர் மாத்திரைக்கு ஆதாரம் மிகக் குறைவு, சிலருக்கு அது தொந்தரவைக் கூட்டவும் செய்யும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. காது எப்படிக் கேட்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் அவசரமான ஒரு விஷயம். முதல்முறையாகக் கடுமையாகச் சுற்றும்போது பேச்சு குழறினால், முகம் கோணினால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, எதையும் பிடிக்காமல் நிற்கவே முடியாமல் போனால், அல்லது இதுவரை அறியாத கடுமையான தலைவலி சட்டென்று தொடங்கினால், அது பக்கவாதமாக இருக்கலாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை, பிரஷர், இதயநோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரவேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை உடனே அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் ‘அடைப்புதான், தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்குவது நல்லது.

எது மைக்ரேன் தலைச்சுற்றல்?

மருத்துவர்கள் இதை வெஸ்டிபுலர் மைக்ரேன் என்கிறார்கள். தலைச்சுற்றலை ஆராய்பவர்களின் சர்வதேச அமைப்பான பாரானி சங்கமும் சர்வதேச தலைவலிச் சங்கமும் சேர்ந்து 2012-ல் இதற்கு ஒரு வரையறை தந்தன. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கான தலைச்சுற்றல் குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம்வரை நீடித்திருக்க வேண்டும். அந்த நபருக்கு இப்போதோ முன்போ மைக்ரேன் இருந்திருக்க வேண்டும். தலைச்சுற்றல் வந்த தடவைகளில் பாதியிலாவது மைக்ரேனின் அடையாளம் ஒன்று கூடவே இருக்க வேண்டும்: ஒரு பக்கமாகத் தெறிக்கும் தலைவலி, வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே பொறுக்க முடியாமல் போவது, அல்லது கண்முன் மின்னும் கோடுகள் தெரிவது. வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமான காரணமாக இருக்கக்கூடாது.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தலைச்சுற்றல் வரும்போது தலைவலியும் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பள்ளி நாட்களில் வெயிலில் நின்றால் தலைவலி வந்து வாந்தியெடுத்த ஒருவருக்கு, நாற்பது வயதுக்கு மேல் தலைவலி அடங்கிப்போய், சுற்றல் மட்டும் தனியாகத் தொடங்கலாம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களிடம் இதைப் பார்க்கலாம். ‘எனக்கு இப்போது தலைவலியே இல்லை’ என்று சொல்லி மருத்துவரைத் திசைதிருப்பி விடாதீர்கள். பழைய தலைவலியையும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்த தலைவலியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதற்கென்று இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனிலும் தெரியாது. நோயாளி சொல்லும் விவரங்களே நோயறியும் கருவி. அவற்றில் முதன்மையானது நேரக்கணக்கு. படுக்கையில் புரளும்போதோ பரணைப் பார்க்க அண்ணாந்தாலோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால், உள்காதின் சிறு சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் அது சரியாகும், மாத்திரையில் சரியாகாது. எழுந்து நின்றதும் கண் இருட்டி விழப்போவதுபோல் இருந்தால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்த நிலையில் அளந்துவிட்டு, நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி அளக்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவருக்கு நீர் மாத்திரை கொடுத்தால் அவர் கீழே விழக்கூடும்.

‘காதில் நீர்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1861-ல் பாரிஸில் ப்ராஸ்பர் மெனியேர் என்ற மருத்துவர், தலைச்சுற்றல் மூளையிலிருந்து மட்டுமல்ல, உள்காதிலிருந்தும் வரலாம் என்று எடுத்துச்சொன்னார். அவர் பெயரால் அழைக்கப்படும் மெனியேர் நோய் இருந்து, பின் இறந்தவர்களின் உள்காதை 1938-ல் லண்டனில் ஹால்பைக், கெய்ர்ன்ஸ் என்ற இருவர் ஆராய்ந்தபோது, அங்குள்ள சவ்வுப் பைகள் திரவம் மிகுந்து உப்பியிருப்பதைக் கண்டார்கள். திரவம் மிகுந்ததுதான் நோய் என்றால் உப்பைக் குறைத்து, சிறுநீரைப் பெருக்கி அந்தத் திரவத்தை வற்றவைக்கலாமே என்ற யோசனை அதிலிருந்து வலுத்தது. 1960-களில் சுவீடனில் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையை இதற்குச் சோதித்துப் பார்த்தார்கள். இன்றுவரை அந்த வழக்கம் தொடர்கிறது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006-ல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுக் குழுவினர் மெனியேர் நோயில் நீர் மாத்திரை பற்றிய சோதனைகளை அலசியபோது, நம்பிச் சேர்த்துக்கொள்ளும் தரத்தில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதலும் மெனியேர் நோய்க்கு ‘கொடுத்துப் பார்க்கலாம்’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. மெனியேருக்கே நிலைமை இதுதான். மைக்ரேனில் உள்காது உப்பியிருப்பது நோயின் அடிப்படை கிடையாது. மூளைத்தண்டிலும், முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கோண நரம்பிலும் எழும் மிகையான தூண்டல், சமநிலையைக் கவனிக்கும் நரம்புப் பாதைகளையும் சேர்த்துக் குழப்புகிறது என்பதே இன்றைய புரிதல். அங்கே வற்றவைக்க வேண்டிய திரவம் எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருக்கலாம். 2002-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வில், மெனியேர் நோயாளிகளில் 56 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் மைக்ரேன் இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் அது 25 சதவீதம்தான். மைக்ரேன் தலைச்சுற்றலிலும் காது அடைத்தாற்போல் இருக்கும், இரைச்சல் கேட்கும். அதனால் ‘காது அடைக்கிறது’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பி மெனியேர் என்று முத்திரை குத்துவது தவறு.

பிரித்துக் காட்டுவது கேட்டல் பரிசோதனை. மெனியேர் நோய் என்று உறுதியாகச் சொல்ல, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை நீடிக்கும் சுற்றல் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட காதில் இரைச்சலோ அடைப்போ கேட்டலோ கூடிக் குறைய வேண்டும். தாழ்ந்த சுருதி ஒலிகளில் நரம்பு வகைக் கேட்டல் குறைவு ஒருமுறையாவது ஆடியோகிராமில், அதாவது கேட்டல் பரிசோதனையின் வரைபடத்தில், பதிவாகியிருக்க வேண்டும். மைக்ரேனில் காது அடைத்துப் பின் திறந்தாலும், கேட்டல் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போவது வழக்கமில்லை. தலைச்சுற்றல் ஓய்ந்து பல வாரம் கழித்து எடுக்கும் ஆடியோகிராம் சரியாகவே இருக்கலாம். தொடக்க நிலை மெனியேரிலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே சுற்றல் வந்த அன்றோ மறுநாளோ எடுத்ததற்கு மதிப்பு அதிகம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ‘அடுத்த முறை சுற்றினால் நேராக வந்து ஆடியோகிராம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம்?

ஆடியோகிராமில் மெனியேர் அடையாளம் தெரிந்தால், மைக்ரேன் கூட இருந்தாலும், நீர் மாத்திரையைக் கால வரம்போடு சோதித்துப் பார்ப்பது நியாயம். கேட்டல் பரிசோதனை திரும்பத் திரும்பச் சரியாக இருந்து, வெளிச்சம், சத்தம், தூக்கக் கெடுதல், மாதவிடாய் இவற்றோடு சுற்றல் வந்து போனால், முதலில் எடுக்க வேண்டியது மைக்ரேன் தடுப்பு மருந்துதான். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கும் மைக்ரேன் சிகிச்சையை முதலில் முயல்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அசெட்டசோலமைடு மட்டும் தனி ரகம். இதுவும் சிறுநீரைப் பெருக்கும், ஆனால் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைத் தடுத்து வேலை செய்கிறது. செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாயிலுக்கான மரபணு ஒன்று பழுதாகி, தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் விட்டுவிட்டு வரும் அரிய பரம்பரை நோய் ஒன்றில் இது நன்றாகக் கேட்கும். அதைப் பார்த்து வெஸ்டிபுலர் மைக்ரேனிலும் சிலர் கொடுத்துப் பார்த்து, குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை போலி மாத்திரையோடு, அதாவது மருந்தே இல்லாத மாத்திரையோடு, ஒப்பிடாத ஆய்வுகள். சாதாரண மைக்ரேனுக்கு இதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் பலர் விலகியதால் அதை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, பலனும் தெரியவில்லை. மற்ற மருந்துகள் கைகொடுக்காத நிலையில் நரம்பியல் மருத்துவர் யோசிக்கக்கூடிய மருந்து இது, தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியது இல்லை.

சோதித்துப் பார்ப்பது என்றால் எப்படி?

இந்தத் தலைச்சுற்றல் கொத்தாக வரும், பிறகு மாதக்கணக்கில் தலைகாட்டாது. மிக மோசமான வாரத்தில்தான் நாம் புது மாத்திரையைத் தொடங்குகிறோம். அதன்பின் தானாகக் குறைந்தாலும் பெயர் மாத்திரைக்கே போகும். மெனியேருக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பீட்டாஹிஸ்டினை ஜெர்மனியில் 221 பேரிடம் 9 மாதம் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானபோது, குறைந்த அளவு எடுத்தவர்கள், அதிக அளவு எடுத்தவர்கள், போலி மாத்திரை எடுத்தவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் சுற்றல் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குறைந்திருந்தது. எனவே ‘சாப்பிட்டேன், நின்றது’ என்பது மட்டும் போதாது.

முதலில் 8 வாரமாவது குறிப்பேடு எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், நீடித்த நேரம், சுழன்றதா, ஆடியதா, கண் இருட்டியதா, எந்தக் காது, தலைவலியும் வெளிச்சக் கூச்சமும் இருந்தனவா, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த வேளைச் சாப்பாடு தவறியது, மாதவிடாயின் எந்த நாள், என்ன மாத்திரை எடுத்தீர்கள். அவ்வளவு போதும், ஒரு வரியில் அடங்கிவிடும். நீர் மாத்திரை தொடங்குமுன் ஆடியோகிராம், படுத்தும் நின்றும் எடுத்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்றால் வழக்கமாக நாளுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம், காலையில். மாலையில் போட்டால் இரவெல்லாம் கழிப்பறைக்கு எழ வேண்டிவரும், தூக்கம் கெட்டால் மைக்ரேன் கிளம்பும். ஒன்றிரண்டு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு 8 முதல் 12 வாரம் வேறு எந்த மாற்றமும் செய்யாமல் குறிப்பேட்டைத் தொடருங்கள். அதே மாதத்தில் காபியை நிறுத்தி, புது மருந்தும் தொடங்கி, உப்பையும் குறைத்தால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய 8 வாரத்தோடு ஒப்பிடும்போது தலைச்சுற்றல் நாட்கள் பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுவதே சரி. பயனில்லாத மாத்திரை ஆண்டுக்கணக்கில் மருந்துச்சீட்டில் தங்கிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கும் தவறு.

எங்கே கெடுகிறது?

உடலில் நீர் வற்றுவது மைக்ரேனைக் கிளப்பும் காரணங்களில் ஒன்று. சித்திரை வெயிலில் நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, கழிப்பறை வசதிக்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் பேருந்தில் போகிறவருக்கு, மாத்திரை தொடங்கிய பிறகு சுற்றல் அதிகமாவதில் ஆச்சரியம் இல்லை. நின்றால் இரத்த அழுத்தம் இறங்குவது, பொட்டாசியம் குறைந்து கால் குரக்கு பிடிப்பது, வயதானவர்களுக்குச் சோடியம் குறைந்து மந்தமாவது இவையெல்லாம் ‘தலைச்சுற்றல்’ என்ற ஒரே பெயரிலேயே வந்து சேரும். நோய் முற்றுகிறது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவது அடுத்த தவறு.

யூரிக் அமிலம் உயர்ந்து கவுட் வாதம் கிளம்பலாம். தலைவலிக்கு அடிக்கடி ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுகிறவர் நீர் மாத்திரையும், பெயர் ‘-பிரில்’ அல்லது ‘-சார்டன்’ என்று முடியும் பிரஷர் மாத்திரையும் சேர்த்து எடுத்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். லித்தியம் எடுப்பவர்களுக்கு அதன் அளவு இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அசெட்டசோலமைடில் விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் ஊறல் எடுக்கும், சோடா குடித்தால் சுவை கெட்டுத் தெரியும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது மறுபடி வரக்கூடும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த வகை மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கக்கூடாது.

பொட்டாசியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு பொட்டாசியத்தை இழக்கவைக்கும், அப்போது வாழைப்பழமும் இளநீரும் நல்லது. ஸ்பைரோனோலாக்டோன், ட்ரையம்டெரீன் போன்றவை பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். அவற்றோடு தினமும் இளநீர், கூடவே கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்றால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம்தான். உங்கள் நீர் மாத்திரை எந்த ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ள நாட்களில் நீர் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். கடுமையான தலைச்சுற்றல் நாளே வாந்தி நாள் என்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

உப்புக்கும் அளவு உண்டு. 5 கிராம் உப்பில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் நாளளவு வரம்பு அதற்குள்தான். மெனியேர் உள்ளவர்கள் அந்த அளவிலேயே, நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமில்லாமல் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் பத்தியச் சாப்பாடு, மறுநாள் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் என்றால் கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை. மைக்ரேன் மட்டும் உள்ளவர்கள் உப்பை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை.

மைக்ரேன் பக்கம் செய்ய வேண்டியது

நேரத்துக்குச் சாப்பாடு, தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், விழிப்பு, வெயில் காலத்தில் போதுமான தண்ணீர். விரத நாட்களில் சுற்றல் வருகிறது என்று குறிப்பேடு காட்டினால் முழுப் பட்டினியை விட்டுப் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். காபியைத் திடீரென நிறுத்தினாலும் தலைவலி வரும், வாரத்துக்கு அரை டம்ளர் வீதம் படிப்படியாகக் குறையுங்கள். வலி மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்: சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளும், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை 10 நாளும் எட்டி, அது 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும்.

தடுப்பு மருந்துகளில் புளுனாரிசினுக்குத் தமிழ்நாட்டிலேயே செய்த ஆய்வு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2014-ல் வெளியானது. இரவில் 10 மில்லிகிராம் வீதம் 12 வாரம் எடுத்தவர்களுக்குத் தலைச்சுற்றல் வரும் தடவையும் கடுமையும் குறைந்தன. தூக்கக் கலக்கம், எடை கூடுவது, மனச்சோர்வு, வயதானவர்களிடம் நடுக்கமும் விறைப்பும் இதன் விலை. ப்ராப்ரனோலாலை ஆஸ்துமா உள்ளவர்கள் எடுக்கக்கூடாது. அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள், தூக்கமில்லாதவர்களுக்கு அது இரட்டைப் பலன். டோபிரமேட்டும் வால்புரோயேட்டும் கருவைப் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் அதைக் கேட்டறியாமல் தொடங்கக்கூடாது. இவற்றில் எதுவும் எல்லோருக்கும் கேட்கும் என்று நிரூபணமான மருந்து இல்லை. கூட உள்ள நோய்களைப் பார்த்துத்தான் தேர்வு. எதைத் தொடங்கினாலும் சரியான அளவை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்த்தே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சுற்றல் வந்த நேரத்தில் இருட்டான அறையில், தலை அசையாமல் படுத்து, தண்ணீரைச் சிறு சிறு வாயாகக் குடியுங்கள். புரோகுளோர்பெராசின் 5 மில்லிகிராம் அல்லது சின்னாரிசின் போன்றவை வாந்தியையும் சுழற்சியையும் அடக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடரக்கூடாது. மூளை தானாகச் சமநிலையைத் திருத்திக்கொள்வதை அவை தாமதப்படுத்தும். முதியவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வரலாம். அந்த நேரத்தில் நீர் மாத்திரையை ‘கூடுதலாக ஒன்று’ போடுவதில் எந்தப் பயனும் இல்லை. சுற்றல் ஓயும்வரை வண்டி ஓட்டுவதும், ஏணியில் ஏறுவதும், கிணற்றில் குளிப்பதும் கூடாது.

பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ ஏற்கெனவே நீர் மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அந்த மாத்திரைக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. தலைச்சுற்றல் இருப்பதை, மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். நின்று அளந்த இரத்த அழுத்தத்தையும் சோடியத்தையும் பார்த்தபின் அவர் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். தலைச்சுற்றலுக்காகத் தொடங்கி நல்ல பலன் தெரிந்தவர்களும் அப்படியே ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியதில்லை. 6 முதல் 12 மாதம் அமைதியாகப் போன பிறகு, கோடை இல்லாத ஒரு பருவமாகப் பார்த்து, மருத்துவரோடு பேசி அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். குறைக்கும் வாரங்களிலும் குறிப்பேடு தொடரட்டும். சுற்றல் திரும்பினால் முந்தைய அளவுக்குப் போகலாம், திரும்பாவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம்.